தட்டி தூக்கிய சனிக்கிழமை

பேரிகை டென்ட் கொட்டாயில் இந்த வாரம் படம் எப்படிப் போகும் என்று தெரிய வேண்டுமானால் யாரும் போஸ்டரைப் பார்க்க மாட்டார்கள், போஸ்டர் ஒட்டும் அருள்ஜோசப்பின் வாயைத்தான் பார்ப்பார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் அவன் பசை வாளியைத் திம்மராயன் டீக்கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டுக் கை கழுவும்போதே பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லுவான். "காத்தாடும்" என்றால் கொட்டாய் மணலில் நாய் கால் நீட்டிப் படுத்துத் தூங்கலாம். "முக்கால்" என்றால் முதலாளி கிருஷ்ணப்பன் சிரிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். "தட்டி தூக்கணும்" என்றால் உள்ளே இடம் போதாமல் பக்கத்து மூங்கில் தட்டிகளை அவிழ்த்துத் தூக்கிக் கட்டி, வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கும் டிக்கெட் கிழிக்க வேண்டியிருக்கும். அந்தக் கடைசி வார்த்தையை அவன் லேசில் சொல்ல மாட்டான். சொன்னால் தப்பாது.

அவனுக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள் திரும்பும் பஸ்ஸின் தலையில் எத்தனை மூட்டை ஏறியிருக்கிறது என்று பார்ப்பான். எல்லைக்கு அந்தாண்டை மாலூர்ப் பக்கத்து ஊர்களில் திருவிழா ஏதாவது உண்டா என்று விசாரிப்பான், இருந்தால் கன்னடக் கூட்டம் வராது. களத்தில் ராகி கிடந்தால் முதல் ஆட்டம் படுத்துவிடும், இரண்டாவது ஆட்டம் எழுந்துகொள்ளும். இதெல்லாம் ஆம்பளைக் கணக்கு. பொம்பளைக் கணக்கைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவன் பெண்டாட்டி சூசைமேரி. கிணற்றடியில் எவளுடைய நல்ல புடவை நனைந்திருக்கிறது, எவள் வீட்டில் சண்டை, எவள் புருஷன் இந்த வாரம் வருகிறான் என்பதெல்லாம் குடம் நிரம்புவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். கொட்டாயில் பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறவளும் அவள்தான். ஊர் அவனைப் புகழ்ந்தால் அவள் குறுக்கே பேச மாட்டாள், களியைக் கிண்டிக்கொண்டே சிரித்துக்கொள்வாள்.

அருள்ஜோசப்புக்கு அதைவிடப் பெரிய பைத்தியம் ஒன்று இருந்தது. படத்தில் யாரும் பார்க்காததைப் பார்ப்பது.

"போன மாசம் கன்னடப் படத்துல பட்டத்து யானை வந்துச்சே, அதுக்கு முந்தின தமிழ்ப் படத்துல ராணிக்கு மாலை போட்டதும் அதே யானைதான்" என்பான். "எடது காது ஓரத்துல ஒரு கிழிசல் இருக்கும். தெலுங்குல அதுதான் சாமி யானை. மூணு பாஷையில நடிச்சவன் இந்தப் பக்கத்துல வேற எவன் இருக்கான், சொல்லு."

"அதுக்கு இன்னா சம்பளம் தருவாங்க?" என்று திம்மராயன் கேட்பான்.

"கரும்பும் வெல்லமும். நம்மளவிட மேலு."

பெஞ்சே சிரிக்கும். பந்தயம் என்று பார்த்தால் ஒரு டீ, ஒரு பன், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்புக்காக அவன் பசைக் கையோடு எத்தனை மைல் வேண்டுமானாலும் சைக்கிள் மிதிப்பான்.

மதராசில் ஆட்சி மாறிய மறு வருஷம் மாசி மாதத்தில் நடந்தது இது. ஆவணியில் எட்டிப் பார்த்த மழை அப்படியே போய்விட்டது. ராகிக் கதிர் பால் பிடிக்காமல் கருகியது, ஏரியில் மாடு இறங்கக்கூடத் தண்ணீர் இல்லை. வயிற்றைக் கட்டுகிறவர்கள் முதலில் சினிமாவைத்தான் விடுவார்கள். கொட்டாய் வாரக்கணக்கில் காத்தாடியது. இரண்டு ராஜா படம் வந்து மண்ணைக் கவ்விப் போயின. ஒரு நாள் கிருஷ்ணப்பன் புரொஜெக்டர் ரூம் படியில் உட்கார்ந்து அருள்ஜோசப்பைக் கூப்பிட்டார்.

"ஜோசப்பு, இந்த வாரம் அம்மன் படம் பொட்டி வருது. இதுவும் படுத்துச்சுன்னா கொட்டாயைப் பிரிச்சு ஆந்திராவுல குப்பத்துப் பக்கம் போயிடறேன். அங்க புதுசா ரோடு போடறாங்க, ஆளு இருக்கு."

"நாங்க?"

"அங்க ஒட்டறதுக்கு ஆளு இல்லாமயா இருக்கும்? உன்னைக் குடும்பத்தோட இழுத்துக்கினு போவ முடியுமா, சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர் இல்லாத முதலாளி சொல்லும்போதுதான் அந்தப் பேச்சு நிஜமாகவே நடக்கப்போகிறது என்று புரியும். கொட்டாய் போனால் அவர்களுக்குப் பேரிகையில் ஒரு பிடி மண் கிடையாது. மத்திகிரியிலிருந்து கொட்டாயோடு வந்து ஒட்டிக்கொண்ட வேதக்காரக் குடும்பம் அது. கூலிக்குப் போகலாம் என்றால் அந்த வருஷம் கூலி கொடுக்க யாரிடமும் விளைச்சல் இல்லை.

அந்த வியாழக்கிழமை சூசைமேரி கிணற்றடியிலிருந்து வந்து குடத்தை இறக்கும்போதே சொன்னாள். "எல்லாப் பொம்பளைங்களும் குளிக்க மஞ்சள் அரைக்கிறாங்க. மாவிளக்கு மாவு இடிக்கிறாங்க. படத்துக்குப் போற மாதிரி இல்ல, கோயிலுக்குப் போற மாதிரி பேசறாங்க." அவள் இடுப்பில் மூன்று வயது செல்வி தலை தொங்கிப்போய்க் கிடந்தாள். ஜெயசெல்வி என்று ஞானஸ்நானப் பெயர். குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், முதுகு வலிக்கிறது என்று அழுகை. மாந்தமாக இருக்கும் என்று ஓமம் காய்ச்சிக் கொடுத்திருந்தாள்.

சாயங்காலம் அருள்ஜோசப் பெஞ்சின் மேலே ஏறி நின்று சொன்னான். "தட்டி தூக்கணும். ரெண்டு நாளும், ரெண்டு ஆட்டமும்."

"பஞ்சத்துலயா?" என்றான் திம்மராயன்.

"பஞ்சத்துலதான். வயிறு காஞ்சா சாமி ஞாபகம் வரும். எழுதி வச்சுக்க." அதோடு விட்டானா, இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மன் ஏறி வர்ற சிங்கம் இருக்கே, அது நெசம் இல்ல. வைக்கோல் அடைச்சது. கிருஷ்ணகிரியில ரெண்டு தடவ உக்காந்து பார்த்தேன். மொத்தப் படத்துலயும் அது கண்ணு இமைக்கல" என்றான். சிரித்தார்கள். இதைப் பொம்பளைகளிடம் சொல்லாதே என்று திம்மராயன் இரண்டாவது டீயை நீட்டினான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சூசைமேரி குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

நெற்றியிலும் மணிக்கட்டிலும் சிவப்புப் பொட்டு. விரலால் தடவினால் தோலுக்கு அடியில் ராகி மணி உருளுவது மாதிரி இருந்தது.

"வேர்க்குருவா இருக்கும்."

"மாசியில எங்கங்க வேர்க்குரு?" அவள் தன் முகத்தை அவனுக்கு நேராகத் திருப்பினாள். அவள் கன்னம் முழுக்கப் பழைய தழும்புக் குழிகள். ஏழு வயதில் வந்தது. அதே வாரத்தில் இரண்டு தம்பிகளைப் புதைத்தார்கள். "எனக்குத் தெரியாதா? பெரியம்மைங்க."

அவன் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தான். சின்ன வயதில் அம்மை குத்திக்கொண்டவன் அவன், கையில் வடு உண்டு. போன வருஷம் அம்மை குத்துகிறவர்கள் வந்தபோது குழந்தைக்குச் சளி, அப்புறம் பார்க்கலாம் என்று செல்வியை உள்ளே படுக்கவைத்தவள் சூசைமேரிதான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்றான் அவன். முதலில் கேட்டது அதைத்தான். குழந்தையைத் தொடக்கூட இல்லை.

"யார்கிட்ட சொல்லுவேன், இப்பதான் பாக்கறேன்."

"சொல்லாத மேரி. சொன்னா இன்னா ஆகும் தெரியுமா? சூளகிரியிலேந்து சுகாதாரக்காரரு வருவாரு. கூட்டம் சேரக்கூடாதுன்னு மொதல்ல கொட்டாயைத்தான் மூடுவாரு. அன்னிக்கே கிருஷ்ணப்பன் குப்பத்துக்கு வண்டி கட்டுவாரு."

"கொழந்தைக்கு?"

"கொழந்தைக்கு அவரு வந்து இன்னா பண்ணப் போறாரு? இதுக்கு மருந்து ஏது? உங்க வீட்ல உன்னை எப்பிடிப் பார்த்தாங்களோ அப்பிடிப் பாரு. ரெண்டே நாளு. திங்கக்கெழமை நானே போய்ச் சொல்லிடறேன்."

"அப்ப நான் கொட்டாய்க்கு வரல. வேற யாரையாவது நிறுத்தச் சொல்லுங்க."

"இன்னிக்குப் போயி உனக்குப் பதிலா எவளைப் புடிக்கறது? வரலன்னா ஏன் வரலன்னு கேட்டுக்கினு மொதலாளியே ஊட்டுக்கு வந்துடுவாரு."

சூசைமேரி ஒத்துக்கொண்டாள். அடுப்படியில் ராகிப் பானை முக்கால்வாசி காலி. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் பிறகு செபமாலை உருட்டும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள். அந்த வார்த்தை பலிக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசையாக இருந்தது. அதில் பாதி அவள் கொண்டுவந்த வார்த்தை.

மற்ற வீடாக இருந்தால் இந்நேரம் ஊருக்கே தெரிந்திருக்கும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். அதைப் பார்த்தால் பிச்சைக்காரன்கூடப் படி ஏற மாட்டான். அந்த வீட்டுக்காரர்களும் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தெருவில் இறங்க மாட்டார்கள். அந்த ஒரு கொத்து இலை செய்கிற வேலையைச் சுகாதார இலாகா மொத்தமும் சேர்ந்தாலும் செய்ய முடியாது. அருள்ஜோசப் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. சூசைமேரி செபஸ்தியார் படத்துக்கு முன்னால் ஒரு கை உப்பும் மிளகும் வைத்து மண்டியிட்டாள். அது உள்ளே நடந்தது. வாசல் எப்போதும்போல் சும்மா இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கொட்டாய் ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு போட்டதும், டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. பாட்டு முடியுமுன்னே தெரு நிறைந்துவிட்டது. மஞ்சள் பூசிய முகங்கள், தலையில் மாவிளக்குத் தட்டு, இடுப்பில் குழந்தை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றாய்க் கலந்து இரைந்தன. கிருஷ்ணப்பன் பெண்கள் வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, அம்மன் படம் வைத்து, குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார். வீட்டு வாசலில் தொங்க வேண்டிய இலை தன் தலைக்கு மேலே கொட்டாயில் தொங்குவதைப் பார்த்துச் சூசைமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். தனியாக விட மனம் வராமல் குழந்தையைப் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்து, வாசலுக்குப் பின்னால் போஸ்டர் கட்டு அடுக்கும் மறைப்பில் படுக்கவைத்திருந்தாள்.

"மேரி, ஒரு கையில டிக்கெட்டக் கிழி, இன்னொரு கையால இந்த மஞ்சத் தண்ணியத் தெளி" என்று ஒரு செம்பைக் கொண்டுவந்து வைத்தார் கிருஷ்ணப்பன். "பொம்பளைங்களுக்குத் திருப்தியா இருக்கும்."

"நான் வேதக்காரிங்க."

"அம்மா அதெல்லாம் பாக்க மாட்டா. தெளி."

தெளித்தாள். காலையில் செல்வியின் உடம்பைத் துடைத்த கை அது. ஒவ்வொரு தலையிலும் தெளித்தாள். கூட்டத்தில் மேல் தெரு சாந்தம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. கூந்தலை அவிழ்த்துப்போட்டு ஆடிக்கொண்டே வந்து சூசைமேரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கைதான். இவ கையாலதான் வாங்கிக்குவேன்" என்று சொல்லி அந்த மஞ்சள் தண்ணீரைக் குடித்தாள். அதற்குமுன், வேதக்காரி கையாலா என்று முணுமுணுத்தவர்களெல்லாம் அதற்கப்புறம் இடித்துத் தள்ளிக்கொண்டு முந்தானையை ஏந்தினார்கள். பக்கத்தில் நின்றவர்களைத் தள்ளிவிட்டு என் தலையில் தெளி, என் பிள்ளை தலையில் தெளி என்று ஒரே நெருக்கடி.

அந்த நேரம் பார்த்துச் செல்வி அழுதாள்.

"அக்கா, அது உன் கொழந்தைதானே? ஏன் அப்பிடி அழுவுது?" என்று மறைப்பை எட்டிப் பார்த்தாள் முனிலட்சுமி. பின்சந்தில் இருக்கிறவள், தெலுங்குக்காரி. புருஷன் பெங்களூரில் சுண்ணாம்பு குழைக்கப் போயிருந்தான். கையில் ஐந்து வயது ராஜாத்தியைப் பிடித்திருந்தாள். பால்குடிக் குழந்தையை அன்றைக்கு அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஜொரம். மாந்தம்" என்றாள் சூசைமேரி.

"இந்த இரைச்சல்ல தனியாவா போட்டிருக்க? குடு, நான் மடியில போட்டுக்கறேன். படம் முடிஞ்சதும் வாங்கிக்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். பின்னால் கூட்டம் நெட்டியது. அந்தப் பக்கம் கிருஷ்ணப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேள்வி வரும்.

"மூஞ்சித் துணிய எடுக்காத, காத்து படக்கூடாது" என்று சொல்லித் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

படம் ஓடியது. உள்ளே மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. இடைவேளைக்கு முன்னாலேயே தட்டிகளை அவிழ்த்துத் தூக்கிக் கட்டினார்கள். அருள்ஜோசப் மூங்கில் மேல் ஏறி நின்று கயிறு கட்டும்போது கீழே இருந்தவர்கள் அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். சூசைமேரி கீற்று இடுக்கில் உள்ளே பார்த்தாள். திரை வெளிச்சத்தில் முனிலட்சுமி சம்மணம் போட்டு உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் செல்வி. ராஜாத்தி துணிக்குள் முகத்தை நுழைத்து ஏதோ பேசிக்கொண்டே பொரி ஊட்டிக்கொண்டிருந்தாள். போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று சூசைமேரி இரண்டு தரம் காலை எடுத்து வைத்தாள். இரண்டு தரமும் நின்றுவிட்டாள்.

முடிந்து வெளியே வரும்போது முனிலட்சுமி குழந்தையைக் கொடுத்துக்கொண்டே, "நெருப்பா கொதிக்குது அக்கா. எப்பிடித்தான் நின்னியோ" என்றாள். அவள் கண்ணில் படத்துக்கு அழுத ஈரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிவர முடியவில்லை. முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுப் போனாள் சூசைமேரி. கொட்டாய் ஒலிபெருக்கியையும் மீறி வீட்டிலிருந்து அழுகை கேட்பதுபோலவே இருந்தது அவளுக்கு. அன்றைக்கும் தட்டி தூக்கினார்கள். திங்கட்கிழமை அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"சொல்றேன்னீங்களே."

"மொதலாளி இன்னொரு வாரம் ஓட்டறாராம். இந்தப் படத்தை எடுத்துட்டா நம்ம கதை முடிஞ்சுது மேரி. செல்வி மத்திகிரியில பெரியம்மா ஊட்ல இருக்குதுன்னு சொல்லு."

அவளும் சொன்னாள். கிணற்றடியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். பகலில் கதவைச் சாத்தி வேப்பிலை இல்லாத இருட்டில் குழந்தை மேல் மொய்க்கும் ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்வி பிழைத்துக்கொண்டாள். பொருக்கு உதிர ஆரம்பித்தபோது வலது கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது.

சரியாக அந்தச் சமயம்தான் தெருவில் வேப்பிலை முளைத்தது. முதலில் மேல் தெருவில் சாந்தம்மா வீடு. அப்புறம் கிணற்றுச் சந்து. ஒரு வாரத்துக்குள் டீக்கடையிலிருந்து பார்த்தால் பத்து வாசலுக்கு ஒரு வாசல் பச்சையாகத் தெரிந்தது. முனிலட்சுமி வீட்டு வாசலிலும் தெரிந்தது. ஊர் பயப்படவில்லை என்பதுதான் கொடுமை. அம்மா திரையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்துவிட்டாள் என்றது ஊர். பஞ்சம் தீரப்போகிறது, அதற்குத்தான் வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அம்மை குத்துகிறவர்கள் பெட்டியோடு வந்து உட்கார்ந்தபோது ஒருத்தரும் போகவில்லை. அம்மா வந்து விளையாடுகிற உடம்பில் ஊசியால் கீறுவதா என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொட்டாயை மூடச் சொல்லி ஆள் வந்தபோது, மூடினால் அம்மா கோபித்துக்கொள்வாள் என்று ஊரே திரண்டு நின்று அவரைத் திருப்பி அனுப்பியது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த சனிக்கிழமையும், அதற்கடுத்த சனிக்கிழமையும் தட்டி தூக்கினார்கள்.

"நீ சொன்னது படம் ஓடறதை மட்டும் இல்ல ஜோசப்பு" என்றான் திம்மராயன். "வயிறு காஞ்சா சாமி வரும்னியே. வந்துட்டா பாரு."

"அது வைக்கோல் சிங்கம்யா" என்றான் அருள்ஜோசப். சிரிப்பு வரும் என்று பார்த்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அப்பிடிப் பேசாத. நாக்கு வெந்துடும்" என்று திம்மராயன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அருள்ஜோசப் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டான். அதற்கப்புறம் யானைக் காதைப் பற்றியோ சிங்கத்தின் கண்ணைப் பற்றியோ அவன் வாயே திறக்கவில்லை. ராத்திரி படுத்தால், "நம்மளால இருக்காது மேரி. காத்துல வர்றது. மாலூர்ப் பக்கம்கூட இருக்குதாம்" என்று தானாகவே ஆரம்பிப்பான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தழும்போடு செல்வியை வெளியே விட்டபோது, மத்திகிரியில் அம்மை கண்டு பிழைத்துத் திரும்பியது என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள்.

ராஜாத்தி வியாழக்கிழமை செத்துப்போனாள். அம்மா எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அழக்கூடாது என்று பறை இல்லாமல், ஒப்பாரி இல்லாமல் ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். பெங்களூரிலிருந்து அப்பன் வந்து சேரவில்லை.

மறுநாள் காலை சூசைமேரி வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தபோது முனிலட்சுமி வந்தாள். அம்மை வீட்டுக்காரி இப்படித் தெருவில் இறங்கி நடக்கக்கூடாது. அவளுக்கு அதெல்லாம் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. தலை சீவாமல், இடுப்பில் வேப்பிலைக் கொத்தைச் செருகிக்கொண்டு, கையில் பால்குடிக் குழந்தையோடு நின்றாள். உள்ளே அருள்ஜோசப் பசைக்குக் கிழங்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதுக்கு இன்னும் ஒண்ணும் வரல" என்று குழந்தையை நீட்டினாள். "உடம்பெல்லாம் பார்த்துட்டேன். சுத்தமா இருக்குது. உன் கையால கொஞ்சம் மஞ்சத் தண்ணி தெளிச்சு விடு. சாந்தம்மா மேல வந்து அம்மா உன் கையைத்தானே கேட்டா. உன் பொண்ணு மேல மத்திகிரி வரைக்கும் போயி விளையாடிட்டு உசுரோட திருப்பிக் குடுத்தா. எல்லாம் உன் கை ராசி. இதை மட்டும் எனக்கு விட்டுடச் சொல்லு."

சூசைமேரி சாணக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "என் கை வேணாம் முனி."

"ஏன் அக்கா? நான் தீட்டோட வந்தேன்னா? தூரமா நிக்கறேன். அங்கேந்தே தெளி."

"வேணாம்டி. பள்ளிக்கூடத்துல குத்தறாங்க. இன்னிக்கே தூக்கிக்கினு போ. ஒண்ணும் வராததுக்குள்ள குத்திடணும்."

"குத்தினா அம்மா கோவிச்சுக்குவா."

"எந்த அம்மாவும் வரல." அதைச் சொன்னதும் சூசைமேரிக்கு மேலே பேசுவது சுலபமாகிவிட்டது. அழுகைகூட வரவில்லை. "என் ஊட்லதான் மொதல்ல வந்தது. செல்வி மத்திகிரிக்குப் போவவே இல்ல. இங்கதான் கதவைச் சாத்தி வச்சிருந்தேன்."

முனிலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. இப்படியும் அப்படியும் பார்த்தாள். அவளுக்குத் துக்கம் வந்தாலும் ஆத்திரம் வந்தாலும் தாய்மொழிதான் வாயில் வரும். "எப்புடு?" என்றாள். "எப்ப வந்தது அக்கா? அந்தப் படத்துக்குப் பின்னாலயா, முன்னாலயா?"

அருள்ஜோசப் மாவுக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டான். "பின்னாலதாம்மா. ஊர்ல எல்லாருக்கும் வந்தாப்பலதான்..." என்று ஆரம்பித்தான். வரப்போவதைத் தப்பாமல் சொல்லிய வாய்க்கு, வந்துபோனதைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியவில்லை. முனிலட்சுமி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"முன்னால" என்றாள் சூசைமேரி. "வெள்ளிக்கெழமை காலையில."

முனிலட்சுமி பால்குடியை இறுக்கிக்கொண்டாள். "நான் மடியில வச்சிருந்தேனே அக்கா" என்றாள் மெதுவாக. "எங்க ராஜாத்தி பொரி ஊட்டிச்சே. நீ வாசல்ல நின்னு பார்த்துக்கினு இருந்தியே."

"பார்த்தேன்."

அவள் அடிப்பாள், மண்ணை வாரி இறைப்பாள், தெருவைக் கூட்டுவாள் என்று சூசைமேரி காத்திருந்தாள். எதையாவது செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. முனிலட்சுமி ஒன்றும் செய்யவில்லை. படி ஏறி வந்தாள். இடுப்பிலிருந்த வேப்பிலைக் கொத்தை உருவி, நிலைக்கு மேலே கூரைக் கீற்றில் ஆழமாகச் செருகினாள். கை எட்டாமல் எம்பி எம்பிச் செருகினாள். விழாது என்று இழுத்துப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள்.

டீக்கடையிலிருந்து அதைப் பார்த்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் பின்னால் இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள், அப்புறம் இன்னும் இரண்டு பேர். படத்துக்கு முன்னாலேயே அந்த வீட்டில் அம்மை இருந்த கதை ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் சனிக்கிழமை. கொட்டாய்ப் பாட்டு போட்டு வெகுநேரமாகியும் ஒருவரும் வரவில்லை, தட்டிகளை யாரும் தொடவில்லை. காத்தாடப்போகிறது என்று அருள்ஜோசப்புக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. அவனைக் கேட்கத்தான் ஆள் இல்லை. இலை காய்ந்து சருகாகி உதிர்ந்த பிறகும் அந்த வீட்டு வாசற்படியை யாரும் மிதிக்கவில்லை.